ஆறாவது சுற்றில் இறங்கும் முள்

"இந்த மீட்டரு பொய் சொல்லுது அம்மிணி" என்றார் கனகசபை.

அல்போன்சா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பெட்ரோல் பிரஷர் காட்டும் மீட்டர். வெள்ளை முகம், சிவப்பு முள். தன் மேஜையிலிருந்த குழாயில் அதை முடுக்கி, பிடியை மெல்லச் சுற்றினாள். முள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஏறியது. பக்கத்திலிருந்த அவளுடைய மீட்டரும் கூடவே ஏறியது. இரண்டும் சேர்ந்தே இறங்கின.

கழற்றினாள். துடைத்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இது நெசந்தானுங்கண்ணா சொல்லுது."

"அப்ப எது பொய் சொல்லுது?"

"மீட்டர சோதிக்கறதுக்கு மட்டுந்தானுங்க எங்கிட்ட மிசின் இருக்குது."

கோயம்புத்தூர் கணபதியில், ஒரு லேத்துப் பட்டறைக்கும் பேக்கரிக்கும் நடுவே அவள் கடை. பம்பு கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம் பம்புகளைச் சோதித்துவிட்டு, தனியாக வந்து மீட்டர் சரிபார்க்கும் வேலை செய்கிறாள். வயது முப்பத்தெட்டு. சேலைக்கு மேல் எப்போதும் ஒரு ஆம்பளைச் சட்டை. மில் பாய்லர் மீட்டர், ஆஸ்பத்திரி ஆக்சிஜன் மீட்டர் எல்லாம் அவளைத் தேடி வரும்.

மீட்டரோடு சில சமயம் அதைக் கொண்டுவந்தவரும் சரியாகித் திரும்புவார் என்று ஊரில் ஒரு பேச்சு. அது எந்த அளவுக்கு உண்மையோ தெரியாது. அவள் அதிகம் பேசமாட்டாள் என்பது மட்டும் உண்மை.

கனகசபைக்கு வயது ஐம்பத்தாறு. முப்பது வருஷமாகப் பந்தயக் கார்களின் எஞ்சினைத் திறந்து மூடுகிறவர். ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவளிடம் போய் யோசனை கேட்பது அவருக்குக் கசந்தது. அதனால்தான் மீட்டர் மேல் பழியைப் போட்டு எடுத்து வந்திருந்தார்.

அவள் ஸ்டூலைத் தள்ளினாள். உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

டேங்கில் இருக்கும் பெட்ரோலைப் பம்பு இழுத்து எஞ்சினுக்குத் தள்ளும். அந்த அழுத்தம் நாலு பார் என்ற அளவில் அசையாமல் நிற்க வேண்டும். அவர் காரில் பந்தய நாளன்று ஐந்து சுற்று வரை நிற்கிறது. ஆறாவது சுற்றில், ஓட்டுகிறவன் முன்னால் இருக்கும் மீட்டரின் முள் நடுங்கத் தொடங்கும். மூன்றரை, மூன்று, இரண்டு. எஞ்சின் பெட்ரோல் இல்லாமல் இருமி அணைந்துவிடும்.

பட்டறைக்கு இழுத்து வந்து இந்த மீட்டரை மாட்டிப் பார்த்தால் நாலு. முள் ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

முதல் தடவை நின்றதும் பம்பை மாற்றினார். பார்த்தார், நாலு. நிம்மதியாகப் போனார். அடுத்த பந்தயத்தில் ஆறாவது சுற்றில் நின்றது. ஃபில்டரை மாற்றினார். பார்த்தார், நாலு. ஆறாவது சுற்றில் நின்றது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றினார். அதுவும் நாலுதான். அதுவும் ஆறாவது சுற்றுதான்.

வேலை நாளில் தடத்துக்குக் கொண்டுபோய் வேறொருவரை ஓட்டச் சொன்னால் பத்துச் சுற்றும் பறக்கிறதாம்.

"நான் பாத்தா நல்லா இருக்குது. நான் பாக்காதப்பக் கெட்டுப்போகுது" என்றார். "கண்ணாமூச்சி ஆடுது அம்மிணி."

அவள் மேஜைக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முக்கியமானதை அவர் இன்னும் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சொன்னார். போன பந்தயத்தில் நேர்ச்சாலையில் நின்றது. பின்னால் வந்த கார் ஒதுங்க இடமில்லாமல் இடித்தது. ஓட்டியவன் யூசுப். இருபத்தாறு வயது. விலா எலும்பு இரண்டில் விரிசல். எட்டு வாரம் படுத்திருந்தான். இப்போது எழுந்துவிட்டான். வரும் ஞாயிற்றுக்கிழமை நானே ஓட்டுகிறேன் என்கிறான்.

பந்தயத்துக்கு முன்னால் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வண்டியில் பழுதில்லை, ஓட்டலாம் என்று தலைமை மெக்கானிக் எழுதிக் கொடுக்க வேண்டும். நாலு பந்தயத்துக்கும் கனகசபைதான் போட்டுக் கொடுத்தார்.

"அஞ்சாவது கையெழுத்து வரமாட்டேங்குது" என்றார். குரல் உடைந்தது. அதை மறைக்க இருமினார்.

அல்போன்சா சுவரில் தொங்கிய தினக் காலண்டரைப் பார்த்தாள். திங்கட்கிழமை.

"புதன்கிழமை வர்றேனுங்கண்ணா. அது வரைக்கும் ஒண்ணையும் மாத்தாதீங்க."

"ஒண்ணையுமா?"

"ஒரு கிளிப்பக் கூட."

அந்த இரண்டு நாளும் கனகசபை பட்ட பாடு சொல்லி முடியாது. மாற்றச் சொன்னால் எஞ்சினையே இறக்கி ஏற்றிவிடுவார். சும்மா இருக்கச் சொன்னால் என்ன செய்வது? காரைச் சுற்றி வந்தார். ஸ்பேனரைத் துடைத்து வைத்தார். துடைத்த ஸ்பேனரை மறுபடி துடைத்தார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அல்போன்சா பஸ்ஸில் வந்து இறங்கினாள். கருவி எதுவும் கொண்டு வரவில்லை. ஒரு கைப்பை மட்டும். காலியான பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

"எப்பவும் பாக்கற மாதிரி பாருங்க" என்றாள்.

பார்த்தார். நாலு.

"இன்னொருக்கா."

மறுபடி எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து பார்த்தார். நாலு.

"இன்னொருக்கா."

மூன்றாவது முறை செய்யும்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. அவள் காரைப் பார்க்கவே இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் கோபம் வந்தது. கோளாறு வண்டியில் இருக்கும்போது இந்த அம்மா மெக்கானிக்கை என்ன பார்க்கிறாள்?

முடித்ததும் கேட்டாள்: "என்னென்ன பண்ணுனீங்க, சொல்லுங்க."

"எஞ்சின ஸ்டார்ட் பண்ணுனேன். மூவாயிரம் சுத்துல ஓடவிட்டேன். முள்ளப் பாத்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"மீட்டரு மாட்டுனேன்."

"அதுக்கு முன்னாடி?"

"பெட்ரோல் லைனக் கழட்டுனேன். கழட்டாம எப்படி மீட்டரு மாட்டறது?"

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எங்கம்மா என்னப் பெத்தா" என்றார் கனகசபை.

அல்போன்சா சிரிக்கவில்லை. எழுந்து காரின் பின்பக்கம் போனாள். டேங்க் திறந்து கிடந்தது. வட்டமான அலுமினிய மூடி காரின் கூரை மேல் இருந்தது. அதை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

கனகசபை அதைப் பார்த்தார். மூன்று தடவையும் அவர்தான் திறந்திருக்கிறார். திறந்தது அவருக்கே ஞாபகம் இல்லை.

லைனைக் கழற்றும் முன் டேங்க் மூடியைத் திறந்து அடைபட்ட காற்றை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் முகத்தில் பீச்சும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எந்த வண்டியானாலும் அவர் கை முதலில் மூடிக்குத்தான் போகும். மூச்சு விடுவதை யாராவது வேலைக் கணக்கில் சேர்த்துச் சொல்வார்களா?

"பந்தயத்தன்னைக்கு வண்டி நின்னதும் இதத் திறந்தீங்களா?"

"திறப்பேன்."

"சத்தம் வந்துச்சுங்களா?"

"புஸ்ஸுன்னு வரும். வெயில்ல நிக்கற எல்லா டேங்க்லயும் வரும்."

"அந்தக் காத்து உள்ள போச்சுங்களா, வெளிய வந்துச்சுங்களா?"

கனகசபை கையிலிருந்த மூடியைக் காதருகே வைத்துப் பார்த்தார்.

அல்போன்சா கைப்பையை எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பந்தயத் தடம் காலியாக இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றார். அன்றைக்குப் பந்தய நாளில் என்னென்ன செய்வாரோ அத்தனையும் செய்ய வேண்டும் என்றாள்.

"அத்தனையும்னா?"

"காலையில குடிக்கற காப்பியில இருந்துங்கண்ணா."

வியாழக்கிழமை முழுக்க கனகசபை பட்டறையில் நின்ற வண்டிகளின் பெட்ரோல் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டார். பக்கத்துக் கடைக்காரரின் ஸ்கூட்டரையும் விடவில்லை. புஸ். புஸ். எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தது. முப்பது வருஷமாக வால்வு சத்தத்தைப் பிரித்துச் சொல்லும் காதுக்கு, காற்று வருகிறதா போகிறதா என்று தெரியவில்லை. பெட்ரோல் வாடையில் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

அன்று அவர் யாரையும் திட்டவில்லை. பட்டறையில் அதைக் கவனித்தவர்கள் அவருக்கு உடம்புக்கு என்னவோ என்று நினைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தடத்துக்குப் போனார்கள். கனகசபை, யூசுப், அல்போன்சா மூன்று பேர் மட்டும்.

யூசுப் பந்தய நாளில் தின்கிற நாலு இட்லியையும் ஒரு வடையையும் தின்றான். பந்தய நாளில் போடுகிற அதே காலுறையைப் போட்டுக்கொண்டான். கனகசபை பந்தய நாளில் ஊற்றுகிற அளவுக்குப் பெட்ரோல் ஊற்றினார். டயருக்குக் காற்றுப் பார்த்தார்.

பிறகு கொஞ்சம் தயங்கி, அல்போன்சாவைப் பார்த்தார்.

"பூஜையும் உண்டு அம்மிணி."

"பண்ணுங்கண்ணா."

கிண்ணத்தில் சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்தார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரம் மட்டும் காட்டமாட்டார். பெட்ரோல் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்கிற அளவுக்கு அவர் பக்திக்கு நிதானம் உண்டு. ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு, எஞ்சின் மூடிக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒவ்வொன்று. கடைசியில் பெட்ரோல் மூடிக்கு நடுவில் ஒன்று. வண்டிக்கு வாய் அதுதான் என்பது அவர் எண்ணம். ஒவ்வொன்றின் மேலும் குங்குமம்.

யூசுப் பொறுமையாக நின்றான். எல்லாம் முடிந்ததும் பிஸ்மில்லா சொல்லி உள்ளே உட்கார்ந்தான். மூன்று வருஷமாக இப்படித்தான். ஒருவர் சாமிக்கு இன்னொருவர் இடைஞ்சல் இல்லை.

கார் கிளம்பியது.

ஒரு சுற்று. இரண்டு. மூன்று. வெயில் ஏறியது. நாலு. ஐந்து. கனகசபை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆறாவது சுற்றில், தூரத்து வளைவில், எஞ்சின் சத்தம் ஒரு தடவை இருமியது. அப்புறம் இரண்டு தடவை. கார் அணைந்து, வந்த வேகத்திலேயே உருண்டு வந்து அவர்கள் முன்னால் நின்றது.

"ரெண்டு!" என்று யூசுப் உள்ளிருந்து கத்தினான். "முள்ளு ரெண்டுல இருக்குதுங்கண்ணா!"

கனகசபை ஓடினார். கை நேராக மூடிக்குப் போனது.

அந்தக் கை மேல் இன்னொரு கை விழுந்தது. அல்போன்சா அவருக்கு முன்பே அங்கே போய் நின்றிருந்தாள்.

"இருங்கண்ணா."

கைப்பையைத் திறந்தாள். அன்றைய தேதிக் காலண்டர் தாள் ஒன்றை எடுத்தாள். அதில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்தாள். மூடியின் விளிம்பில், தொட்டும் தொடாமலும் பிடித்தாள்.

"இப்பத் திறங்க. மெதுவா."

மூடியைக் கால் சுற்று திருகினார். புஸ்ஸென்று சத்தம் வந்தது. தாள் மூடிப்பக்கம் வளைந்தது. பிறகு இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் கையை எடுத்துவிட்டாள். தாள் விழவில்லை. சத்தம் நிற்கிற வரைக்கும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள போகுது" என்றார் கனகசபை.

அவள் தாளை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

யூசுப் சாவியைத் திருப்பினான். பம்பு முனகியது. முள் நாலுக்கு ஏறி நின்றது.

கனகசபை மூடியைக் கழற்றினார். புரட்டிப் பார்த்தார். உள்பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருந்தது. வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை. மறுபடி புரட்டினார். வெளிப்பக்கம், அந்தத் துளை இருக்க வேண்டிய இடத்தில், அவர் வைத்த சந்தனம் காய்ந்து சிமெண்டுப் பூச்சு போல இறுகியிருந்தது.

டேங்கிலிருந்து பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காகத்தான் அந்தத் துளை. அதை அடைத்தால் டேங்க் தன்னைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஐந்து சுற்று வரை பம்பு எப்படியோ மல்லுக்கட்டும். ஆறாவதில் தோற்றுவிடும். இது கனகசபைக்குத் தெரியாத விஷயம் அல்ல. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

பழைய மூடியில் துளை கிடையாது. காற்றுக்குத் தனிக் குழாய் இருந்தது. இந்தப் பருவத்தில்தான் இந்த அலுமினிய மூடி வந்தது. மூடி மாறியது. பொட்டு வைக்கும் இடம் மாறவில்லை. வேலை நாளில் பூஜை கிடையாது; பந்தய நாள் பொட்டு வண்டியைக் கழுவும்போது போய்விடும்.

முதல் பந்தயத்தில் விரல் நுனி அளவுக்குத்தான் வைத்தார். வண்டி நின்றது. பம்பை மாற்றினார், பொட்டையும் கொஞ்சம் பெரிதாக்கினார். வண்டி நின்றது. ஃபில்டரை மாற்றினார், இன்னும் பெரிதாக்கினார். யூசுப்புக்கு விலா விரிசல் விட்ட அன்று வைத்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. அன்று ஏனோ காலையிலிருந்தே அவருக்கு மனசு சரியில்லை. பையன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தி வைத்தார்.

கனகசபை அழுதார். மறைக்கவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்று அழுதார்.

யூசுப் இறங்கி வந்து மூடியைப் பார்த்தான். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா வலிக்கும் என்பதால் ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இனிமேல் கதவுல வைங்கண்ணா" என்றான்.

நகத்தால் சுரண்டினார். ஊசி விட்டுக் குத்தினார். ஊதிப் பார்த்தார். துளையில் வெளிச்சம் தெரிந்தது. மூடியைப் போட்டார். யூசுப் மறுபடி ஓட்டினான். ஆறு சுற்று. எட்டு. பத்து. பன்னிரண்டு. ஒவ்வொரு சுற்றிலும் கையை வெளியே நீட்டி நாலு விரலைக் காட்டிக்கொண்டே போனான்.

கனகசபை சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கான தாள். காரின் எஞ்சின் மூடி மேல் விரித்தார். பேனாவைத் திறந்தார்.

"இப்பப் போட்டுரலாம் அம்மிணி. இல்லையா?"

அல்போன்சா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பம்ப மாத்துனப்பவும் போட்டீங்களா?"

"போட்டேன்."

"ஃபில்டர மாத்துனப்ப?"

"போட்டேன்."

"ரெகுலேட்டர மாத்துனப்ப?"

"அதுக்கும் போட்டேன்."

"அப்பல்லாம் மனசு எப்படி இருந்துச்சுங்கண்ணா?"

கனகசபை யோசித்தார். பொய் சொல்ல வழியில்லை.

"இப்ப இருக்கற மாதிரியேதான் இருந்துச்சு."

அல்போன்சா தலையாட்டினாள். பதினொன்றே காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது என்றாள். போய்விட்டாள்.

கனகசபை பேனாவை மூடினார். தாளை மடித்துப் பையில் வைத்தார்.

சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். பெட்ரோல் மூடியின் நடுவில், முன்பு இருந்த அளவுக்கே, கட்டைவிரலால் அழுத்தி வைத்தார். குங்குமம் வைக்கவில்லை. வெயிலில் அது இறுகும் வரை பக்கத்திலேயே நின்றார்.

யூசுப்புக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்கண்ணா பண்றீங்க?" என்றான்.

"கோளாறக் கூப்பிடறேன்."

யூசுப் ஹெல்மெட்டை எடுத்தான். கனகசபை அதை அவன் கையிலிருந்து வாங்கினார்.

"நீ இரு கண்ணு. இந்தத் தடவ நான் போறேன்."

பட்டறையில் வண்டியை முன்னே பின்னே நகர்த்துவதோடு சரி. தடத்தில் அவர் ஓட்டிப் பல வருஷம் ஆகிறது. வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. பெல்ட்டை யூசுப்தான் இழுத்து மாட்டிவிட்டான்.

கிளம்பினார்.

யூசுப்பின் வேகம் அவருக்கு வராது. ஆனாலும் தன்னால் முடிந்த வேகத்தில் ஓட்டினார். முப்பது வருஷத்தில் ஒரு வண்டி நிற்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது அன்றுதான்.

ஐந்து சுற்று ஆயிற்று. ஆறாவது சுற்று ஆயிற்று. நிற்கவில்லை.

ஏழாவதும் ஆயிற்று. அவருக்குப் பயம் வந்துவிட்டது. பொட்டு இல்லையென்றால் வேறு எது? இத்தனையும் மறுபடி முதலிலிருந்தா? மெதுவாகப் போகிறவனுக்குப் பெட்ரோல் மெதுவாகத்தான் இறங்கும், பொறு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

எட்டு.

ஒன்பதாவது சுற்றில், நேர்ச்சாலையின் நடுவில், எஞ்சின் இருமியது. மிதித்தார். மறுபடி இருமியது. மிதித்த காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போயிற்று. சத்தம் மொத்தமாக நின்றது. கார் தானாக உருண்டு, உருண்டு, வேகம் குறைந்து, தடத்தின் நடுவிலேயே நின்றது.

சுற்றிலும் அமைதி. சூடான எஞ்சின் ஆறும் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது.

யூசுப் விலாவைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். அவனுக்கு ஒரே சந்தோஷம். கோளாறு கிடைத்துவிட்டது. வைத்தால் வருகிறது, எடுத்தால் போகிறது. இனி என்ன வேண்டும்? குனிந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

கனகசபை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கை விடவில்லை.

"முள்ளு எத்தனைக்கு எறங்குச்சுங்கண்ணா?"

"பாக்கல கண்ணு."

"பாக்கலையா?"

"பின்னாடி யாராச்சும் வர்றாங்களான்னு பாத்துட்டு இருந்தேன்."